வேரில் தட்டினால் இலை விழிக்கும்: பயிரின் நோய் எதிர்ப்பைப் பாக்டீரியா தூண்டுவது எப்படி?

"செடிகளுக்குத் தடுப்பூசி", "மருந்தே அடிக்காமல் நோயை விரட்டும் பாக்டீரியா" என்றெல்லாம் செய்திகள் அடிக்கடி வருகின்றன. படிப்பவருக்கு முதலில் எழும் சந்தேகம் நியாயமானது. பாக்டீரியாவை விதையில் தடவுகிறார்கள், அல்லது வேரில் ஊற்றுகிறார்கள். நோய் வருவதோ இலையில். மண்ணுக்குள் கிடக்கும் பாக்டீரியா, மேலே இலையில் வந்து விழும் பூஞ்சையை எப்படித் தடுக்கும்?

அது தடுப்பதில்லை. தடுப்பது செடி. பாக்டீரியா செய்வதெல்லாம் செடியை உசுப்பி விடுவதுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், இந்த முறை எங்கே பலிக்கும், எங்கே கைவிரிக்கும், ஏன் சிலர் கொண்டாடுகிறார்கள், ஏன் சிலர் "வெறும் பொடி" என்று தள்ளிவிடுகிறார்கள் என்பதெல்லாம் தானாக விளங்கும். அடிப்படையிலிருந்து போகலாம்.

## செடிக்கு ஏது எதிர்ப்புச் சக்தி?

நம் உடம்பில் கிருமியைத் தேடிப்போய் விழுங்க வெள்ளையணுக்கள் உண்டு. செடிக்கு அப்படி ஓடிப்போகும் அணு எதுவும் கிடையாது. ஆன்டிபாடியும் கிடையாது. செடியின் ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காவல் இரண்டு அடுக்காக இருக்கிறது.

1. பொது அடையாளத்தைக் கண்டுகொள்வது. பாக்டீரியா நீந்துவதற்கு வால் போன்ற ஒரு கசையிழை இருக்கிறது. அது ஃபிளாஜெலின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னத் துண்டை மட்டும் காட்டினாலே போதும், செடியின் செல் "பாக்டீரியா வந்துவிட்டது" என்று புரிந்துகொள்கிறது. அதைத் தொட்டுணரும் ஏற்பி எஃப்.எல்.எஸ்.2. இதேபோல் பூஞ்சையின் சுவரில் இருக்கும் கைட்டினை உணரவும் ஏற்பிகள் உண்டு.

2. ஆளையே அடையாளம் காண்பது. தேர்ந்த நோய்க்கிருமிகள் முதல் அடுக்கை முடக்கும் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகின்றன. சில பயிர் ரகங்களில் அந்தப் புரதங்களையே கண்டுபிடிக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. கண்டுபிடித்ததும், தாக்கப்பட்ட செல் தற்கொலை செய்துகொள்கிறது. சுற்றிலும் செல்கள் செத்துப்போவதால் கிருமி அந்த இடத்திலேயே சிறைப்படுகிறது. "எதிர்ப்புத் திறன் உள்ள ரகம்" என்று விற்கப்படும் விதைகள் பலவற்றில் வேலை செய்வது இந்த இரண்டாம் அடுக்குதான்.

ஆயுதங்கள் என்று பார்த்தால்: கிருமி நுழையும் இடத்தில் செல்சுவரை உள்பக்கமாகத் தடிக்கவைக்கும் காலோஸ் என்ற பசை, பூஞ்சையின் சுவரை அரிக்கும் நொதிகள், பைட்டோஅலெக்சின் என்று சொல்லப்படும் கிருமிக்கொல்லிப் பொருட்கள், இலைத்துளைகளை மூடிக்கொள்வது, இன்னும் சில. எல்லாம் செடியிடம் ஏற்கெனவே இருப்பவைதான். பிரச்சினை வேகத்தில் இருக்கிறது. கிருமி இலைக்குள் பரவி வேரூன்றிய பிறகு ஆயுதத்தைத் தேடுகிற செடி தோற்கிறது. நுழையும்போதே எடுக்கிற செடி பிழைக்கிறது.

## ஓர் இலை அடிபட்டால் மற்ற இலைக்குத் தெரியுமா?

தெரியும். 1961-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ராஸ் என்பவர் இதைப் புகையிலைச் செடியில் காட்டினார். செடியின் கீழ் இலைகளில் மட்டும் புகையிலைத் தேமல் வைரஸைத் தடவினார். சில நாள் கழித்து, தொடப்படாத மேல் இலைகளில் அதே வைரஸைத் தடவியபோது வந்த புள்ளிகள் சிறிதாக இருந்தன, எண்ணிக்கையும் குறைந்திருந்தது. ஒரு பகுதியில் பட்ட அடி செடி முழுவதையும் உஷார்ப்படுத்தியிருக்கிறது. இதற்கு முழுத்தாவர ஈட்டிய எதிர்ப்பு என்று பெயர், சுருக்கமாக எஸ்.ஏ.ஆர்.

இதன் பின்னால் இருப்பது சாலிசிலிக் அமிலம். ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய சொந்தக்காரன். 1979-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் புகையிலை இலைக்கு ஆஸ்பிரினையே கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் புள்ளிகள் குறைந்தன. 1993-ல் இன்னும் உறுதியான சான்று வந்தது. சாலிசிலிக் அமிலத்தை உடனுக்குடன் சிதைத்துவிடும் ஒரு பாக்டீரிய மரபணுவைப் புகையிலைக்குள் வைத்தபோது, அந்தச் செடிகளால் இந்த எதிர்ப்பைக் காட்டவே முடியவில்லை.

எஸ்.ஏ.ஆருக்கு ஒரு விலை உண்டு: முதலில் செடி அடிபட வேண்டும். அடிபடாமல் உஷாராக்க வழி இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

## 1991: வேரில் ஒருவன், தண்டில் ஒருவன்

வேரை ஒட்டிய மண்ணில் பாக்டீரியா கூட்டம் கூட்டமாக வாழ்வது பழைய செய்தி. அந்த மெல்லிய மண்படலத்துக்கு ரைசோஸ்பியர், அதாவது வேர்மண்டலம் என்று 1904-லேயே ஜெர்மனியின் லோரென்ஸ் ஹில்ட்னர் பெயர் வைத்துவிட்டார். செடி தான் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை வேர்வழியாகக் கசியவிடுகிறது. கசிகிற இடத்தில் விருந்தாளிகள் கூடுகிறார்கள். அவர்களில் சிலர் செடியை நன்றாக வளரவைப்பதையும், சில நோய்களைக் குறைப்பதையும் 1970-களின் இறுதியில் ஜோசப் குளோப்பர் போன்றவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள்.

அப்போது நோய் குறைவதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. பாக்டீரியா ஆன்டிபயாடிக் சுரந்து கிருமியைக் கொல்கிறது. சிடரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து மண்ணிலுள்ள இரும்பைச் சுருட்டிக்கொள்வதால் கிருமி பட்டினி கிடக்கிறது. அல்லது வேரில் இடம்பிடித்துக்கொண்டு கிருமிக்கு இடமில்லாமல் செய்கிறது. மூன்றுமே நேரடிச் சண்டை. மூன்றும் உண்மைதான், இன்றும் பல நோய்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மூன்றுக்கும் ஒரு நிபந்தனை: பாக்டீரியாவும் கிருமியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

1991-ல் வெளிவந்த ஆய்வுகள் அந்த நிபந்தனையை உடைத்தன. நெதர்லாந்தில் கார்னேஷன் பூச்செடியை எடுத்துக்கொண்டார்கள். வேரில் சூடோமோனாஸ் பாக்டீரியாவை விட்டார்கள். வாடல் நோய்ப் பூஞ்சையான ஃபியூசேரியத்தைத் தண்டில் செலுத்தினார்கள். இருவரும் சந்திக்க வழியே இல்லை. ஆனாலும் வாடல் குறைந்தது. தண்டில் பைட்டோஅலெக்சின் வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்ந்திருந்தது. கிருமியை அடித்தது யார் என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

அதே ஆண்டில் குளோப்பர் குழுவினர் வெள்ளரி விதையில் பாக்டீரியாவைப் பூசி, பின்னர் இலையில் வரும் இலைப்புள்ளி நோய் குறைவதைக் காட்டினார்கள். பீன்ஸ் செடியில் இலையைத் தாக்கும் பாக்டீரிய நோய் குறைவதை மூன்றாவது ஆய்வு ஒன்று சொன்னது. மூன்று பயிர், மூன்று கிருமி, தனித்தனி ஆய்வுகள், ஒரே முடிவு.

பின்னர் இதற்கு வழக்கமான ஒரு சோதனை உருவானது. ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டிகளில் நடுவார்கள். ஒரு தொட்டியில் நல்ல பாக்டீரியா, மற்றதில் நோய்ப் பூஞ்சை. நடுவில் இருக்கும் ஒரே தொடர்பு செடியின் உடம்பு. நோய் குறைந்தால், சேதி செடி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். யாராவது தங்கள் பாக்டீரியா "எதிர்ப்பைத் தூண்டுகிறது" என்று சொன்னால், இப்படிப் பிரித்து வைத்துச் சோதித்தார்களா என்று கேட்பது நல்லது. தட்டில் பூஞ்சைக்குப் பக்கத்தில் பாக்டீரியாவை வைத்து, நடுவில் தெளிவான வட்டம் விழுந்த படத்தைக் காட்டுவது ஆன்டிபயாடிக்கைத்தான் நிரூபிக்கும். செடியின் எதிர்ப்பைப் பற்றி அது ஒரு வார்த்தை கூடச் சொல்லாது.

வேர் பாக்டீரியா தூண்டும் இந்த எதிர்ப்புக்குத் தூண்டப்பட்ட முழுத்தாவர எதிர்ப்பு என்று பெயர், சுருக்கமாக ஐ.எஸ்.ஆர்.

## உள்ளே நடப்பது என்ன?

1. குடியேற்றம். முதலில் பாக்டீரியா வேரில் போதுமான எண்ணிக்கையில் தங்க வேண்டும். முள்ளங்கியில் நடந்த ஆய்வுகளில் 1 கிராம் வேருக்குச் சுமார் 1 லட்சம் பாக்டீரியா என்ற வாசல் தெரிந்தது. அதற்குக் கீழே போனால் பலன் இல்லை. படிப்படியாகக் குறைவதில்லை, சட்டென்று நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது. நல்ல பாக்டீரியாவுக்கும் கசையிழை உண்டு, ஃபிளாஜெலினும் உண்டு. செடியின் முதல் அடுக்குக் காவல் நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை. அப்படியானால் இவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்? சில சூடோமோனாஸ்கள் குளுக்கோனிக் அமிலத்தைச் சுரந்து வேரைச் சுற்றிப் புளிப்பாக்கிவிடுகின்றன. அந்தப் புளிப்பில் வேரின் எச்சரிக்கை மணி மங்கிவிடுகிறது என்று 2019-ல் கண்டார்கள். ஆக, செடியின் எதிர்ப்பைத் தூண்டப்போகிற பாக்டீரியா, வாசலில் அதே எதிர்ப்பைக் கொஞ்சம் தூங்கவைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது.

2. கண்டுகொள்ளல். எந்தப் பொருளைப் பார்த்து வேர் விழிக்கிறது என்பது பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா மாறுகிறது. சிலவற்றில் ஃபிளாஜெலின், சிலவற்றில் செல்லின் வெளியுறைக் கொழுப்புச்சர்க்கரை, சிலவற்றில் சிடரோஃபோர். பேசில்லஸ் வகைகளில் சர்ஃபாக்டின், ஃபெஞ்சிசின் என்ற சோப்பு போன்ற பொருட்கள்.

எல்லாவற்றிலும் வியப்பானது காற்று. குளோப்பர் இருந்த ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடித் தட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் பேசில்லஸ் பாக்டீரியா. மறுபக்கம் அரபிடாப்சிஸ் என்ற சிறிய ஆய்வகச் செடியின் நாற்று. ஊடகம் தொடவில்லை, வேர் தொடவில்லை. மூடிக்குக் கீழே இருக்கும் காற்று மட்டும் பொது. நாற்று அதிகமாக வளர்ந்தது. பிறகு அழுகல் நோய்க் கிருமியை விட்டபோது நோயும் குறைந்தது. 2,3-பியூட்டேன்டையால் என்ற ஆவியாகும் பொருள் இதில் முக்கியப் பங்கு வகித்தது. 2003, 2004-ல் இவை வெளிவந்தன. தொடாமலேயே, வாசனையாலேயே செடியை எழுப்ப முடியும் என்பது அதுவரை யாரும் எதிர்பார்க்காதது.

3. இரும்புக் கதவு. வேரில் மைப்72 என்ற ஒரு மரபணு விசை உண்டு. செடிக்கு இரும்புச்சத்து பற்றாக்குறை ஏற்படும்போது இது இயங்கும். சூடோமோனாஸ் வந்தாலும் இதே விசை இயங்குகிறது; இது பழுதான செடியில் ஐ.எஸ்.ஆர் வருவதில்லை. விசை இயங்கியதும் வேர் ஸ்கோபோலெட்டின் என்ற பொருளை வெளியே விடுகிறது. 2018-ல் வெளியான ஆய்வின்படி, ஃபியூசேரியம், வெர்டிசிலியம் போன்ற வாடல் பூஞ்சைகளை அது ஒடுக்குகிறது, ஐ.எஸ்.ஆரைத் தூண்டும் சூடோமோனாஸுக்கு அதனால் கேடு இல்லை. எதிரிக்கு நஞ்சு, நண்பனுக்குக் கேடில்லை; இரண்டும் ஒரே பொருள்.

4. சேதி மேலே போதல். இங்குதான் ஐ.எஸ்.ஆர் எஸ்.ஏ.ஆரிலிருந்து பிரிகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கோர்னே பீட்டர்சேயும் உடன் ஆய்வாளர்களும் 1996-ல், சாலிசிலிக் அமிலத்தைச் சிதைத்துவிடும் அரபிடாப்சிஸ் செடிகளிலும் ஐ.எஸ்.ஆர் குறையாமல் வருவதைக் காட்டினார்கள். 1998-ல், செடிக்குள் சேதி கடத்தும் வேறு இரண்டு ஹார்மோன்களான ஜாஸ்மோனிக் அமிலத்தையோ எத்திலீனையோ உணர முடியாத செடிகளில் அது வருவதில்லை என்று கண்டார்கள். என்.பி.ஆர்.1 என்ற புரதம் மட்டும் இரண்டு பாதைக்கும் பொது. இது பொது விதி. சாலிசிலிக் பாதையைத் தொடும் பாக்டீரியாக்களும் உண்டு.

5. இலை தயாராதல். சேதி வந்து சேர்ந்த இலையில் என்ன மாற்றம் தெரியும்? ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. கட்டுரையின் நெஞ்சுப்பகுதி இதுதான் என்பதால் தனியாகப் பார்க்கலாம்.

## தயார்நிலை

எஸ்.ஏ.ஆரில் இலை ஆயுதங்களை எடுத்து வெளியே வைத்துவிடுகிறது. பாதுகாப்புப் புரதங்கள் குவிவதை அளக்க முடியும். ஐ.எஸ்.ஆர் தூண்டப்பட்ட செடியின் இலையில், கிருமி வராதவரை அப்படிக் குவிவதில்லை. கிருமி வந்த பிறகுதான் வித்தியாசம். தூண்டப்படாத செடி தயங்கித் தயங்கிச் செய்யும் வேலைகளைத் தூண்டப்பட்டது சீக்கிரமாகவும் அழுத்தமாகவும் செய்கிறது. பூஞ்சை இழை இலைக்குள் துளைக்கும் இடத்தில் காலோஸ் பசை விரைவாகத் திரள்கிறது. ஜாஸ்மோனிக், எத்திலீன் சொல்லுக்கு ஆடும் மரபணுக்கள் உடனே துள்ளி எழுகின்றன. ஆங்கிலத்தில் பிரைமிங் என்பார்கள். தமிழில் தயார்நிலை எனலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பது என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

ஏன் இந்த ஏற்பாடு? ஆயுதம் செய்வது செலவு. செடிக்குக் கிடைக்கும் சர்க்கரையும் தழைச்சத்தும் அளவானவை. சாலிசிலிக் பாதையை வேதிப்பொருளால் நேராகத் திறந்துவிடும் மருந்துகள் உண்டு. அசிபென்சோலார் அவற்றில் ஒன்று. நோயே இல்லாத நிலையில் அதைக் கோதுமைக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வந்தது. செடியின் எடையும் மணியும் குறைந்தன, அதிலும் தழைச்சத்து குறைவாக இருந்த இடத்தில் நன்றாகவே குறைந்தன. வராத எதிரிக்குப் படை திரட்டிய செலவு அது. தயார்நிலையில் மட்டும் வைத்தால் இந்த இழப்பு மிகக் குறைவு என்பதை 2006-ல் அரபிடாப்சிஸில் அளந்து காட்டினார்கள்.

சரி, அப்படியானால் "தடுப்பூசி" என்று சொல்வதில் என்ன தப்பு? இரண்டு தப்பு. தடுப்பூசி ஒரு குறிப்பிட்ட கிருமியின் அடையாளத்தை உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிறது, ஐ.எஸ்.ஆரில் அப்படி எந்தக் கிருமியின் பெயரும் செடிக்குச் சொல்லப்படுவதில்லை. வேரில் இருப்பது முற்றிலும் வேறொரு பாக்டீரியா, வரப்போவது எந்தக் கிருமியாகவும் இருக்கலாம். இரண்டாவது, தடுப்பூசி உடம்பை விட்டுப் போன பிறகும் நினைவு நிற்கும். இங்கே வேரில் பாக்டீரியா நின்று நிலைக்கவில்லை என்றால் பலனை நம்ப முடியாது. பழகிய உவமை வேண்டுமென்றால், தெருவில் நாய் குரைப்பதால் விழித்துக்கொள்ளும் வீட்டைச் சொல்லலாம். யார் வருகிறார்கள் என்று நாய் சொல்வதில்லை. நாய் போய்விட்டால் வீடு மறுபடியும் தூங்கிவிடும்.

## எந்த நோய்க்கு, எந்த நோய்க்கு இல்லை

"எல்லா நோயையும் தடுக்கும்" என்ற வாசகத்தைக் கண்டால் ஒதுங்கிவிடலாம். காரணம் ஐ.எஸ்.ஆரின் பாதையிலேயே இருக்கிறது.

நோய்க்கிருமிகளில் இரண்டு குணம் உண்டு. உயிருள்ள செல்லிலிருந்து உறிஞ்சி வாழ்பவை ஒரு வகை. செல்லைக் கொன்று பிணத்தைத் தின்பவை இன்னொரு வகை. முதல் வகைக்குச் செல்லின் தற்கொலை நல்ல பதிலடி. சாலிசிலிக் பாதை அதற்கு ஏற்றது. இரண்டாம் வகைக்குச் செல் செத்தால் விருந்து. அங்கே ஜாஸ்மோனிக், எத்திலீன் பாதைதான் கைகொடுக்கும். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2002-ல் அரபிடாப்சிஸில் சோதித்தார்கள்:

- இலையைக் கொன்று தின்னும் ஆல்டர்னேரியா பூஞ்சை: ஐ.எஸ்.ஆர் தடுத்தது, எஸ்.ஏ.ஆர் தடுக்கவில்லை.
- டர்னிப் சுருக்க வைரஸ்: எஸ்.ஏ.ஆர் தடுத்தது, ஐ.எஸ்.ஆர் தடுக்கவில்லை.
- அடிச்சாம்பல் நோய்: எஸ்.ஏ.ஆர் வலுவாகத் தடுத்தது, ஐ.எஸ்.ஆர் லேசாக.
- பாக்டீரிய நோய்கள்: இரண்டுமே ஓரளவு தடுத்தன.

பயிருக்குப் பயிர், பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா இந்த எல்லைகள் கொஞ்சம் நகரும். ஆனால் எல்லையே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நோய் வழக்கமாக வருகிறது என்று தெரியாமல் இந்த முறையைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் கல் எறிவதுதான்.

## செடியே ஆள் கூப்பிடுகிறது

இதுவரை பாக்டீரியாவை நாம் கொண்டுவந்து விட்டதாகப் பேசினோம். இயற்கையில் செடியே கூப்பிடுகிறது. 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அரபிடாப்சிஸின் இலையை நோய்க்கிருமி தாக்கியதும் அதன் வேர் மாலிக் அமிலத்தை அதிகமாகக் கசியவிட்டது. அந்த ருசிக்குப் பேசில்லஸ் சப்டிலிஸ் வேரில் வந்து படலமாக ஒட்டிக்கொண்டது. அடி இலையில், அழைப்பு வேரில்.

2018-ல் உட்ரெக்டில் இதை இன்னொரு படி கொண்டுபோனார்கள். அடிச்சாம்பல் நோய் கண்ட செடிகளின் வேர்மண்டலத்தில் மூன்று பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. தனித்தனியாகக் கொடுத்தால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் குறைந்தது, வளர்ச்சியும் கூடியது. அதைவிட முக்கியம்: நோய் கண்ட செடிகள் வளர்ந்த அதே மண்ணில் அடுத்து முளைத்த செடிகளுக்கு அந்த நோய் குறைவாக வந்தது. முந்தைய தலைமுறை கூப்பிட்டு வைத்த காவலர்கள் அடுத்த தலைமுறைக்கு மண்ணில் காத்திருக்கிறார்கள்.

ஒரே பாக்டீரியாவை டப்பாவில் அடைத்து விற்பதைவிட, மண்ணிலுள்ள கூட்டத்தை வளர்ப்பது மேல் என்று வாதிடுபவர்களுக்கு இது வலுவான ஆதாரம். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கூட்டத்தை வேண்டியபடி வளர்க்கும் கைப்பக்குவம் இன்னும் வாய்க்கவில்லை. அதுவரை டப்பாவை விட்டால் வேறு கதி இல்லை.

## கண்ணாடிக்கூண்டில் ஜெயித்தது வயலில் ஏன் தோற்கிறது?

எதிர்ப்பைத் தூண்டும் பொருட்கள் வயலில் தரும் கட்டுப்பாடு 20 முதல் 85 சதவீதம் வரை என்று மதிப்பீட்டுக் கட்டுரைகள் சொல்கின்றன. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள். 85 கிடைத்தவர் கொண்டாடுவார், 20 கிடைத்தவர் ஏமாற்று என்பார். இரண்டும் உண்மை அனுபவமே. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

1. எண்ணிக்கை. முன்னால் சொன்ன 1 லட்சம் வாசல். சூடோமோனாஸுக்கு வித்து உறை கிடையாது. டால்க் பொடியில் கலந்து பையில் அடைத்தால் மாதங்கள் போகப் போகச் செத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் வைத்த பை இன்னும் மோசம். பேசில்லஸ் தடித்த உறையுள்ள வித்தாக மாறிக்கொள்ளும் என்பதால் நெடுநாள் தாங்கும். சந்தையில் பேசில்லஸ் தயாரிப்புகள் இவ்வளவு இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அது சூடோமோனாஸைவிடத் திறமைசாலி என்பதால் அல்ல.

2. பெயர் ஒன்று, ஆள் வேறு. ஒரே இனத்துக்குள் உட்பிரிவுகள் உண்டு, ஸ்ட்ரெய்ன் என்பார்கள். எதிர்ப்பைத் தூண்டும் குணம் ஸ்ட்ரெய்னைப் பொறுத்தது, இனப்பெயரைப் பொறுத்தது அல்ல. பாக்கெட்டில் "பேசில்லஸ் சப்டிலிஸ்" என்று மட்டும் போட்டிருப்பது, ஒருவரின் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி ஆளைத் தேடச் சொல்வது போல. இனப்பெயரும் நிலையானதல்ல. கார்னேஷன் ஆய்வில் புகழ்பெற்ற டபிள்யூ.சி.எஸ்.417 என்ற ஸ்ட்ரெய்ன் நெடுங்காலம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் எனப்பட்டது. இப்போது அது சூடோமோனாஸ் சிமியே.

3. பயிர் ரகம். அரபிடாப்சிஸிலேயே ஆர்.எல்.டி, டபிள்யூ.எஸ் என்ற இரண்டு வகைகள் இந்தப் பாக்டீரியாவுக்கு அசைந்தே கொடுப்பதில்லை. எத்திலீனை உணர்வதில் அவற்றுக்குக் குறை இருக்கிறது. விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த பயிர் ரகங்களில் இந்தக் காது மந்தமாகிப் போயிருந்தால், எந்தப் பொடியும் பலிக்காது.

4. ஏற்கெனவே விழித்திருக்கும் செடி. ஆய்வகத்தில் செடி சுத்தமான மண்ணில், பூச்சி கடிக்காமல் வளர்கிறது. வயலில் அதைப் பூச்சி கடிக்கிறது, காற்று உரசுகிறது, மண்ணில் ஆயிரம் நுண்ணுயிர்கள் தட்டுகின்றன. பாதி விழித்திருப்பவனை எழுப்புவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. "பலன் இல்லை" என்று சொல்லப்படும் சோதனைகளில் ஒரு பங்கு இப்படிப்பட்டதாக இருக்கலாம்.

5. மண்ணின் பழைய குடிகள். புதிதாக வருபவன் அங்கே ஏற்கெனவே இருப்பவர்களோடு இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மோத வேண்டும். பெரும்பாலும் தோற்கிறான்.

## பயன்படுத்துகிறவர்களுக்கு இதனால் விளைவது

"சண்டை போடுவது செடி" என்ற அடிப்படையைப் பிடித்துக்கொண்டால், பயன்படுத்தும் விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

1. நோய் கண்ட பிறகு கொடுத்துப் பயன் இல்லை. செடி தயாராகச் சில நாள் வேண்டும். அதனால்தான் விதை நேர்த்தியும் நாற்றின் வேரை நனைத்து நடுவதும் பொருத்தமான தருணங்கள். அப்போது வேரும் சின்னது. குறைந்த பாக்டீரியாவிலேயே அந்த 1 லட்சம் கணக்கு நிறைந்துவிடும்.

2. முழு விடுதலையை எதிர்பார்க்கக் கூடாது. பூஞ்சைக்கொல்லி கிருமியைக் கொல்லும். இது கிருமியின் வேகத்தைக் குறைக்கும். நோய் கடுமையாக அடிக்கும் பருவத்தில் இதை மட்டும் நம்பினால் பயிர் போய்விடும். மிதமான பருவத்தில் மருந்தடிக்கும் தடவைகளைக் குறைக்கலாம்.

3. தாமிர மருந்துகளோடும் பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபயாடிக்குகளோடும் ஒரே டேங்கில் கலக்கக் கூடாது. குளோரின் தூக்கலான தண்ணீரும் ஆகாது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் நல்ல பொடியைக் கொல்லும் வழிகளில் இதுவே சர்வசாதாரணமானது.

4. கிருமி இதற்கு எளிதில் பழகிவிடாது. ஒரே ஒரு புள்ளியைத் தாக்கும் பூஞ்சைக்கொல்லியை, கிருமி ஒரே மரபணு மாற்றத்தில் தாண்டிவிடலாம். செடி ஒரே நேரத்தில் பசை, நொதி, நஞ்சு என்று பலவற்றை வீசும்போது தாண்டுவது கடினம்.

5. "பாக்டீரியா என்றாலே பாதுகாப்பு" என்பதும் சரியல்ல. பர்க்ஹோல்டேரியா செபேசியா மண்நோய்களை நன்றாகவே கட்டுப்படுத்தியது. ஆனால் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில் ஆபத்தான தொற்றை உண்டாக்குபவை என்பதால் அந்தப் பாதை கைவிடப்பட வேண்டியதாயிற்று. சூடோமோனாஸ் ஏருஜினோசா இன்னோர் எடுத்துக்காட்டு: செடியில் எதிர்ப்பைத் தூண்டும், மருத்துவமனையில் மனிதரைத் தாக்கும். எந்த ஸ்ட்ரெய்ன் என்று தெரியாமல் வேர்மண்ணை எடுத்து வீட்டில் பெருக்கி ஊற்றுவதில் இந்த அபாயம் இருக்கிறது.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை மூன்று: ஸ்ட்ரெய்னின் பெயர், 1 கிராமுக்கு எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்ற எண்ணிக்கை (சி.எஃப்.யு என்று போட்டிருக்கும்), காலாவதித் தேதி. எண்ணிக்கை தயாரித்த நாளுக்கானதா, காலாவதி நாள்வரை உத்தரவாதமா என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவது என்றால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

பலித்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, சில வரிசைகளை வேண்டுமென்றே பாக்டீரியா கொடுக்காமல் விடுவது. அதே விதை, அதே உரம், அதே தண்ணீர். வயலின் ஓரத்தில் விடக் கூடாது; ஓர வரிசைக்கு வெயிலும் காற்றும் வேறு. நடுவில், இரண்டு மூன்று இடங்களில் விட வேண்டும். நோய் தலைகாட்டியதும் இரு பக்கத்திலும் சம எண்ணிக்கையில் செடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை இலையில் புள்ளி, ஒரு புள்ளி எவ்வளவு அகலம் என்று குறிக்க வேண்டும். இரண்டில் அகலத்தைத் தவறவிடக் கூடாது. செடி தயார்நிலையில் இருந்திருந்தால், கிருமி நுழைந்த இடங்கள் இரு பக்கமும் ஒரே அளவு இருந்தாலும், கொடுத்த பக்கத்தில் புள்ளிகள் விரியாமல் சின்னதாகவே நின்றிருக்க வாய்ப்புண்டு.